கயிற்றை அறுத்தவன் பெயர்

“அப்போ கயித்த அறுத்தது யாரு?” என்று ஒமுர் மறுபடியும் கேட்டார்.

ஜன்னலோரப் படுக்கையில் கிடந்த கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு வருஷம் ஒன்றுக்கு மேலாகிறது. “சத்தார்தான். வேற யாரு அறுப்பான்? அந்த நாய்தான் அறுத்தான்” என்றார். அதைச் சொல்வதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

“அப்போ ஜெயிலுக்குப் போனது?”

“அந்த இன்னொருத்தன். பாவம், நல்லவன்.”

“அவன் பேரு என்ன?”

“பேரா? பேரு எங்கயும் வரலயே. ஏம்மா பெர்மெத், அந்த இன்னொருத்தனுக்குப் பேரு இருக்கா?”

தேநீர்ப் பானையோடு கதவோரம் நின்றிருந்த மருமகள் பெர்மெத்துக்குக் காதுவரை சூடேறியது. ஒமுர் அவளை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அவள் பானையைச் சாய்க்க வரும்போது கிண்ணத்தின் வாயைக் கையால் மூடிப் போதும் என்று காட்டினார்.

“நீ வேற ஏதோ புஸ்தகம் கேட்டிருக்கடா. எல்லாம் தலைகீழா இருக்கு. இப்படியே சொன்னா கொட்டை கிடையாது.”

“சாகப்போறவன்கிட்ட கொஞ்சம் இரக்கம் காட்டேன்.”

“விதி போட்டது நீதான? அனுபவி.”

இந்தக் கொட்டை விவகாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழவர் ஏரிக்கரையில் இருக்கும் பாலிக்சித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏரியில் கப்பல்கள் நின்றுபோன பிறகும், சம்பளம் வந்தவரை அதே கிரேனில் ஏறி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவி இறந்த வருஷம், சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல், வசந்தப் புத்தாண்டான நூருஸ் பண்டிகையன்று ஒரு சபதம் போட்டார். அடுத்த நூருஸுக்குள் நாற்பது புத்தகம். ஏன் நாற்பது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் எதையும் நாற்பதில்தான் எண்ணுவோம். பிள்ளை பிறந்தாலும் நாற்பது, ஆள் போனாலும் நாற்பது.

ஒரு புத்தகம் முடிந்தால் ஜன்னல் விளிம்பில் இருக்கும் கண்ணாடி ஜாடியில் ஓர் ஆப்ரிகாட் கொட்டை விழும். நூருஸ் அன்று ஜாடியைத் துணியில் கவிழ்த்து, வீட்டார் முன்னால் எண்ணி, சுத்தியலால் உடைத்துப் பருப்பைத் தேநீரோடு தின்பார்கள். கசப்புப் பருப்பு யார் வாயில் அகப்பட்டாலும் அது மோசமான புத்தகத்துக்குப் போட்ட கொட்டை என்று கிழவர் சொல்வார். எண்ணிக்கை மட்டும் ஒரு வருஷமும் நாற்பதைத் தொட்டதில்லை. முப்பத்தொன்று வந்தது, முப்பத்தாறு வந்தது, ஒரு வருஷம் முப்பத்தெட்டுவரை வந்து நின்றது. மெலிசாக இரண்டு கவிதைப் புத்தகம் எடுத்திருந்தால் முடிந்திருக்குமே என்று மகன் மிர்லான் சொல்லிவிட்டான். அதற்காகக் கிழவர் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

கண் போன பிறகு பெர்மெத் படித்துக்காட்ட ஆரம்பித்தாள். அப்போது கிளம்பியதுதான் இந்தச் சண்டை. காதால் கேட்டதெல்லாம் படித்த கணக்கில் வராது, வேண்டுமானால் அரைக் கொட்டை போட்டுக்கொள் என்றார் ஒமுர். அவரும் அதே துறைமுகத்தில் எடைபோட்டவர். அரைக் கொட்டை எப்படிப் போடுவது, உடைத்தால் பருப்பு காய்ந்துவிடும் என்றார் கிழவர். நாலு பானை தேநீர் தீர்ந்த பிறகு ஒரு முடிவு வந்தது. கேட்ட கதையைக் கிழவர் ஒமுருக்குப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒமுர் குறுக்குக் கேள்வி கேட்கலாம், ஆனால் விடை சொல்லித் தரக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்ததும் கிழவர்தான். ‘எனக்குப் பிச்சை வேணாம்’ என்றாராம். ஆசை நாற்பதுக்கும் மானம் அதற்கு மேலும் இருந்தால் இப்படித்தான்.

பெர்மெத் பள்ளிக்கூடத்தோடு புத்தகத்தை மூட்டை கட்டியவள். முதல் மாதம் அவள் வாசிப்பு கல்லில் வண்டி போவது மாதிரிதான் இருந்தது. கிழவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மருமகள் மாமனாருக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது என்பதால் அவள் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து, தன் நிழலிலேயே உட்கார்ந்து எழுத்தோடு மல்லுக்கட்டினாள். பக்கம் புரளும் வேகத்தை வைத்தே அதைக் கண்டுபிடித்து, “திரும்பி உக்காரும்மா. வெளிச்சம் புஸ்தகத்துக்கு வேணும், மரியாதைக்கு வேணாம்” என்றார். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பின்னோக்கி நடந்து, தலை குனிந்து, குரலைத் தாழ்த்திப் பழகியவள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அப்பா கிடைத்துவிட்டார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த வருஷம் ஜாடியில் முப்பத்தொன்பது கொட்டை. நாளைக்கு நூருஸ். நாற்பதாவது புத்தகம் ஏரி மீனவர்களைப் பற்றிய ஒரு பழைய நாவல், அட்டை போனது. நல்ல புத்தகம்தான், ஒமுர் எப்போதோ படித்தது. ஆனால் முதல் பக்கத்திலேயே பெர்மெத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதாநாயகன் பெயர் அஷிம்.

மாமனார் பெயரும் அஷிம்தான். கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. இப்போதெல்லாம் தலைநகர் பிஷ்கெக்கில் இதை யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள். பெர்மெத்தின் தாய் அப்படி வளர்க்கவில்லை. போன குளிர்காலம் ஆஸ்பத்திரியில் நோயாளி பெயர் கேட்டபோது அவள் சொல்ல முடியாமல் தவித்து, கடைசியில் தாளில் எழுதிக் காட்டினாள். ஊமை என்று நினைத்து நர்ஸ் கைஜாடையிலேயே வழி சொன்னாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தவர் கிழவர்தான். அப்படிப்பட்டவள் அந்தப் பெயரை ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை, அதுவும் அவர் காதுபட, எப்படிச் சொல்வாள்? வேறு பெயர் வைத்துப் படிக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி படி என்பது அவர் கண்டிப்பு. அதனால் பெயர் வந்த இடத்திலெல்லாம் ‘அவன்’ என்று படித்தாள். கதைக்குள் யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் லேசாக இருமிவிட்டு ‘ஏய்’ என்று படித்தாள். பொய் சொல்லவில்லை, மரியாதையும் போகவில்லை. கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒமுரை வழியனுப்ப வாசல்வரை போனாள். காற்று முற்றத்துத் துணிகளைக் கொடியோடு சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் நூருஸ் கூழுக்குப் பெரிய கொப்பரையை ஏற்றிவிட்டார்கள், பெண்கள் சத்தம் கேட்டது. ஒமுர் தொப்பியை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

“படகுத் தலைவரை விட்டா, ஒரே படகுல ரெண்டு பேரு. ஒருத்தனை நீ சத்தார்ங்கற. இன்னொருத்தனை அவன்ங்கற. சத்தார் கத்தினான், அவன் கத்தியை எடுத்தான்னு படிச்சா, கேக்குறவன் யாருன்னு எடுத்துப்பான்? உன் மரியாதையில அந்த மனுஷன் கதையை விட்டே போயிட்டான்மா.”

“இப்ப என்ன பண்றது, சித்தப்பா?”

“எனக்கு வாய் கட்டியிருக்கு, விதி அது. உனக்கு யாரு கட்டினது?” கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “சாயங்காலம் டீக்கு வர்றேன். அதுவரைக்கும் இருப்பானா?” என்று கேட்டார். அவள் கொடியிலிருந்து நழுவிய ஒரு துணியை எடுத்து மாட்டினாள். அவரும் பதிலை எதிர்பார்க்காமல் போய்விட்டார்.

உள்ளே வந்தபோது நாத்தனார் சோனுன் பின்வாசல் வழியாக வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மிர்லானுக்கு மூத்தவள். நெடுஞ்சாலை ஓரத்தில் புகைபோட்ட மீன் விற்பவள், அவள் வந்தால் அந்த வாசம் முன்னால் வரும். குரலும் லாரிகளை நிறுத்திப் பழகிய குரல். மிர்லான் பிஷ்கெக்குக்கு மினிபஸ் ஓட்டிப் போயிருக்கிறான், மாலைதான் வருவான். அதனால் இன்றைக்கு வீட்டுப் பொறுப்பு தன்னுடையது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள், பாதம் குளிர்ந்திருக்கிறது என்றாள். முல்லாவுக்குச் சொல்லியாயிற்று, மதியத் தொழுகை முடிந்ததும் வருவார் என்றாள். பிறகு படுக்கையில் கிடந்த புத்தகம் கண்ணில் பட்டது.

“இதை எடுத்து வை.”

“அப்பா கேட்டாரு, அக்கா. கொஞ்சம்தான் மிச்சம்.”

சோனுன் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். சாகப்போகிறவர் காதில் மீன்காரன் கதையை ஓதிக்கொண்டிருக்கிறாயா, நாளைக்கு அங்கே கேள்வி கேட்டால் எதைச் சொல்வார், கொட்டைக் கணக்கையா என்று அடிக்குரலில் பொரிந்தாள். பெர்மெத் தலை குனிந்து நின்றாள். பெரிய நாத்தனாரோடு எதிர்த்துப் பேசும் பழக்கம் அவளுக்கில்லை. சோனுனே சற்று நேரத்தில் தணிந்தாள்.

“எங்கம்மா பஸ்லயே உயிர விட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. என் மடியிலதான். எனக்கு ஒரு வரி ஓதத் தெரியல. சுத்தி இருந்தவனெல்லாம் வேற பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்பாவுக்காவது அது சரியா நடக்கட்டும்.”

பெர்மெத் புத்தகத்தைக் கொண்டுபோய் மெத்தை அடுக்கின் நடுவில் செருகினாள்.

முல்லா வந்தார். இளம் வயது, நல்ல குரல். குர்ஆனிலிருந்து யாசீன் ஓதியபோது கிழவர் வாய் மூடி, கையைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்தில் புது அதிகாரி பேசும்போது நிற்பாரே அப்படி மரியாதையாகப் படுத்திருந்தார். முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் சிரமப்பட்டு முகம்வரை கொண்டுபோய்த் தடவி ஆமீன் சொன்னார். சோனுன் அழுதாள். மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது அவள் தோளிலேயே தெரிந்தது. முல்லாவுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, நாளைக்கு எப்படியும் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், நல்லதுக்கோ கெட்டதுக்கோ, போர்சோக் ரொட்டி பொரித்து வைக்கிறேன் என்று மாவைப் பிசையச் சமையலறைக்குப் போனாள்.

கிழவர் அவள் காலடி ஓசை தேயும்வரை காத்திருந்தார்.

“எங்க விட்டோம்?”

பெர்மெத் படுக்கை அருகே மண்டியிட்டாள். அவர் கைவிரல்கள் நீலம் பாரித்திருந்தன. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிக்கொண்டிருந்தது. கடைசி அத்தியாயத்தை ஓடி ஓடிப் படித்து முடித்துவிட நேரம் இருக்குமோ என்னவோ. ஆனால் அப்படி முடித்தால் அவர் முழுக்கத் தப்பான ஒரு கதையோடு போவார். சத்தாரைத் திட்டிக்கொண்டே போவார். ஒமுர் கொட்டை தரமாட்டார். ஒமுர் இரக்கப்பட்டுத் தந்தால் அது அதைவிடக் கேவலம், கிழவர் மன்னிக்க மாட்டார்.

“அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன். கயித்த அறுத்தது சத்தார் இல்ல.”

அவர் நெற்றி சுருங்கியது. “இல்லயா?”

“சத்தார் அறுக்காதன்னு கத்தினான். அறுத்தது இன்னொருத்தன். வலையோட படகுத் தலைவர் தண்ணிக்குள்ள போனதும் அதனாலதான். போலீஸ் கேட்டப்ப சத்தார் பழியைத் தன்மேல போட்டுக்கிட்டான்.”

“அந்த இன்னொருத்தன் எவன்மா?”

சமையலறையில் மாவுக் கட்டை பலகையில் உருளும் சத்தம் கேட்டது.

“உங்க பேருதான் அவனுக்கும்” என்றாள். சொன்னவுடனே, அவன் என்று சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிழவர் அசையவில்லை. பிறகு அவர் வயிறு போர்வைக்குள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, கண்ணோரம் ஈரமானது. “நானா அறுத்தேன்?” என்றார். “அடப்பாவி. அந்த சத்தாரை எத்தன நாள் திட்டியிருப்பேன். நேத்துகூட ராத்திரி படுத்துக்கிட்டுத் திட்டினேன்.” கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார். “புயல்லேர்ந்து மறுபடி படி.”

“அப்பா, கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதைப் படிச்சுட்டா முடிஞ்சிரும்.”

“புரியாம முடிச்சு என்ன பண்றது? புயல்லேர்ந்து படி. பேரைச் சொல்லிப் படி. மறுபடியும் அவன் அவன்னு படிச்சா எனக்குக் குழம்பும், இன்னொரு தடவை கேக்க நேரமில்ல.”

“எப்படிப்பா சொல்வேன்.”

“பேரு என்னுதுதான? நான் குடுக்கறேன். வாங்கிக்க.”

அவள் எழுந்துபோய் மெத்தை அடுக்கிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஜன்னலைப் பார்த்து, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். புயல் அத்தியாயத்தைத் தேடிப் பிடித்தாள். முதல் வரியிலேயே அந்தப் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் அதை வெறுமனே பார்த்தாள். பிறகு, கிணற்றில் வாளியை விடுவது மாதிரி, மெதுவாக அதை வாயிலிருந்து இறக்கினாள்.

“அஷிம் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.”

பின்னால் கிழவர் ‘ம்’ என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை, நாக்கு அழுகவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது குரல் நடுங்கியது, ஐந்தாறு தடவைக்குப் பிறகு பெயர் மற்ற சொற்களோடு சேர்ந்து ஓடியது. இவ்வளவு காலமாக அந்தப் பெயரைச் சுற்றி நடந்தே அவரோடு வாழ்ந்திருக்கிறாள். இப்போதுதான் முதல் தடவையாக அவரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அஷிம் கத்தியை எடுத்தான். சத்தார் வேண்டாம் என்று கத்தினான். அஷிம் கயிற்றை அறுத்தான். படகு நிமிர்ந்தது, தலைவர் இல்லை.

“ஆக,” என்றார் கிழவர். குரல் தூரத்திலிருந்து வந்தது. “அறுத்தது அஷிம். ஜெயிலுக்குப் போனது சத்தார். ஒமுர் வந்தா சொல்லணும்.”

“சொல்லலாம்பா.”

“அறுத்தது தப்பில்லம்மா. அறுக்கலன்னா மூணு பேரும் போயிருப்பாங்க. சொல்லாம இருந்தான் பாரு, அதுதான் தப்பு. மேல படி.”

அவள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தாள். வருஷங்கள் கழித்து சத்தார் சிறையிலிருந்து திரும்பி வருகிறான். அஷிம் காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் ரொட்டியோடு காத்திருக்கிறான். ஒவ்வொரு பஸ்ஸாக வருகிறது, ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் வேறு யாராவது இறங்குகிறார்கள். எழுதியவருக்கு அவசரமே இல்லை. ஒரு பஸ்ஸில் இறங்கிய கிழவியின் வாத்தைப் பற்றி முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தார். பெர்மெத்துக்கு அந்த வாத்தின் மேல் கோபமாக வந்தது. ஆனாலும் ஒரு வரியையும் தாண்டவில்லை. தாண்டிப் படித்ததெல்லாம் கணக்கில் சேராது.

“சொல்லிட்டானா?” என்று கேட்டார் கிழவர்.

“இன்னும் இல்லப்பா. இப்பதான் சத்தார் இறங்குறான். கொஞ்சம் பொறுங்க.”

சத்தார் இறங்கினான். தலை நரைத்திருந்தது. இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கரைவரை பேசாமல் நடந்தார்கள். அஷிம் சொல்ல வாயெடுத்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடியது. மறுபடி வாயெடுத்தபோது சத்தார் முதலில் சாப்பிடலாம் என்றான். பெர்மெத் பக்கத்தைத் திருப்பினாள். பின்னாலிருந்து ‘ம்’ வரவில்லை. இந்த வருஷம் முழுக்க, பக்கம் புரளும்போதெல்லாம் அந்த ‘ம்’ வந்துகொண்டிருந்தது. தூங்கும்போது மட்டும்தான் வராது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரியைப் படித்தாள். அதற்கடுத்த வரியையும் படித்தாள். காது மட்டும் முதுகுப் பக்கமே இருந்தது. ஜன்னல் சட்டம் காற்றில் ஆடுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் கொப்பரையில் துடுப்பு உரசும் சத்தம், சமையலறையில் எண்ணெய் இரையும் சத்தம், இவ்வளவுதான் கேட்டது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. எந்த வரியில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கை கொடுத்துக்கொண்டதைக் கேட்டிருப்பாரா? நாயைக் கேட்டிருப்பாரா? படிப்பதை நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவள் படித்துக்கொண்டே இருந்தாள்.

“அஷிம் ரொட்டியை இரண்டாகப் பிட்டான்.”

“என்ன பேரைச் சொல்ற நீ?”

வாசலில் சோனுன் நின்றிருந்தாள். முழங்கை வரை மாவு. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், முகம் சிவந்திருந்தது. சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் அவள் பார்வை பெர்மெத்தைத் தாண்டிப் படுக்கைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

அவள் மெதுவாக வந்து அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மூக்கின் அருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுக்காமலேயே அப்படியே இருந்தாள். பெர்மெத் இப்போதுதான் திரும்பினாள். கிழவர் தலையைச் சற்றே சாய்த்து, காதை அவள் பக்கம் கொடுத்திருந்தார்.

இருவருக்கும் தெரியும். சோனுன் வாயைத் திறந்து ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தால் போதும், கொப்பரையைச் சுற்றி நிற்கும் பெண்கள் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஆண்கள் வருவார்கள், முற்றத்தில் கூடாரம் எழும், சாவுச் சோற்றுக்கு அறுக்கக் குதிரை வரும், வழக்கப்படி பெர்மெத் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு இந்த வீடு ஊருக்குச் சொந்தம். சோனுன் இடக்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்மெத் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“எவ்வளவு பாக்கி?” என்று வாயிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள் சோனுன்.

“ரெண்டு பக்கம், அக்கா.”

சோனுன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அதை நீளமாக மடித்து அப்பாவின் தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் சேர்த்துப் பிடித்தாள். முடிச்சுப் போடவில்லை, பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நரை ஓடிய அவள் தலைமுடியை பெர்மெத் இதுவரை பார்த்ததில்லை.

“படி” என்றாள்.

பெர்மெத் புத்தகத்தைத் தூக்கினாள். எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடந்தன. ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடி, “அவன் ரொட்டியை...” என்று ஆரம்பித்தாள். நாத்தனார் முன்னால் நாக்கு தானாகப் பழைய தடத்துக்குப் போய்விட்டது.

“பேரைச் சொல்லிப் படி” என்றாள் சோனுன். “அப்பாவுக்குக் குழம்பும்.”

பெர்மெத் அந்த வரியைத் திரும்ப ஆரம்பித்தாள். அஷிம் ரொட்டியை இரண்டாகப் பிட்டான், பெரிய துண்டை சத்தாரிடம் கொடுத்தான். சமையலறையில் எண்ணெயில் கிடந்த மாவு கருகத் தொடங்கி, அந்த வாசம் அறை முழுக்க வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.